மேஜை போன திசை

கை கழுவிவிட்டு வந்த வாத்தியாருக்கு மேஜையைக் காணோம்.

வெறும் மேஜை இல்லை. மனைவி, மகள், மகள் விரும்பும் பையன், அந்தப் பையனின் அப்பா அம்மா என்று ஐந்து பேரோடு சேர்த்துக் காணோம். அவர்கள் இருந்த இடத்தில் துடைத்து வைத்த காலி மேஜை ஒன்று நின்றது. ஜன்னல் திட்டில் அவர் கழற்றி வைத்த மஃப்ளர் மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தது.

மலை உச்சியில் வட்டமாகக் கட்டிய உணவகம் அது. நடுவில் சமையலறையும் கழிவறையும், அதைச் சுற்றி மேஜைகள், வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ‘சுழலும் உணவகம் - உட்கார்ந்த இடத்திலேயே எல்லா மலைகளையும் காணலாம்’ என்று வாசலில் பலகை. அன்றைக்கு ஒரு மலையும் தெரியவில்லை. எந்த ஜன்னலில் பார்த்தாலும் ஒரே வெள்ளை மூட்டம்.

வேறொருவர் பதறியிருப்பார். இவர் ஆயுசெல்லாம் பௌதிகம் நடத்தியவர். மஃப்ளரைப் பார்த்தார், காலி மேஜையைப் பார்த்தார், விஷயம் பிடிபட்டுவிட்டது. தளம் சுற்றும், ஜன்னல் சுற்றாது. மஃப்ளரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலோரமாகவே நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள்.

“அட, இங்க வந்துட்டீங்களா!”

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது வந்துங்க...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தளம் சுத்துது. எனக்குத் தெரியும்.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமாங்க. சுத்துது.”

பையனுக்குத் தண்ணீர் புரையேறியது.

பையனின் பெற்றோர் சாயங்கால வண்டிக்கு ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் கல்யாணம் முடிவாக வேண்டும். இதை விட்டால் அவர்களை மறுபடி ஒரு இடத்தில் உட்கார வைப்பது குதிரைக் கொம்பு. “அப்பா, இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் கம்மியா பேசுங்கப்பா” என்று மகள் வரும் வழியெல்லாம் கெஞ்சியிருந்தாள். அவரும் கம்மியாகத்தான் பேசினார். மலைமேல் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது என்பதை மட்டும், சூப் சொன்னதிலிருந்து கை கழுவப் போகும்வரை, விளக்கினார். இப்போது மோட்டார், பல்சக்கரம், உராய்வு என்று ஆரம்பித்தார்.

பையனின் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தலை சுத்துதுங்க.”

“பார்த்தியா! சம்பந்திக்கே தலை சுத்துதுன்னா என்ன வேகத்துல விட்டிருக்கான்!”

“இன்னும் சம்பந்தி ஆகலப்பா” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி சட்டென்று சொன்னாள். “போய்க் கொஞ்சம் மெதுவா சுத்தச் சொல்லிட்டு வாங்களேன். நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் குளிர்ந்துபோய் எழுந்தார்.

கல்லாவில் இருந்த மேனேஜர் முழுவதையும் கேட்டார். வாசல் பலகையை ஒரு தரம் பார்த்தார், வாத்தியாரை ஒரு தரம் பார்த்தார். “பார்க்கறேன் சார்” என்றார்.

திரும்பி வந்தால் மறுபடி காலி மேஜை! அதன்மேல் வாத்தியாருடைய சூப் மட்டும் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. மற்றவர்கள் இன்னும் தள்ளி, எங்கேயோ போயிருந்தார்கள்.

“மெதுவா சுத்தச் சொன்னா வேகமா சுத்தறானே, படுபாவி!”

கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓடிப் பிடிக்க அவர் என்ன பஸ்ஸையா தவறவிட்டார்? சுற்றுகிற பொருள் சுற்றிக்கொண்டு இங்கேதான் வந்தாக வேண்டும். நிற்பதுதான் அறிவு. நின்றார்.

மேஜை வரவில்லை. கை வலித்தது. பக்கத்து மேஜை அம்மாள், “எவ்வளவு நேரம்ப்பா ஒரு சூப்புக்கு?” என்று கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆறிப் போச்சு, சூடா வேற கொண்டா” என்றாள்.

“நான் சர்வர் இல்லம்மா!”

“அப்ப எதுக்கு சூப்பைத் தூக்கிட்டு நிக்கற?”

இதற்குப் பௌதிகத்தில் பதில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர், “பார்க்கறேன் மேடம்” என்றார்.

வாத்தியாருக்குப் பொறுமை போயே போய்விட்டது. பாதி வட்டம் விறுவிறுவென்று நடந்தார். சமையலறைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருந்தார்கள். ஐஸ்கிரீம் கிண்ணங்கள் காலி. இரண்டு அம்மாக்களும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா முகத்தில் தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை.

“முடிஞ்சுதுங்க!” என்றாள் மனைவி. “அடுத்த மாசமே கல்யாணம்.”

“நான் இல்லாமலா?”

“என்ன செய்யறது, இந்த ஹோட்டல் ஒரு இடத்துல நிக்குதா?”

மகள் ஓடி வந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை. அவருக்கும் கண் கலங்கியது. அதே சமயம் நெஞ்சு கொதித்தது. ஒரே மகள். அவள் கல்யாணப் பேச்சில் அப்பன் என்று ஒரு வார்த்தை பேசக் கொடுத்து வைக்கவில்லையே! எல்லாம் இந்தப் பாழாய்ப் போன தளத்தால்.

எல்லோரும் வாசலுக்கு நடக்க, வாத்தியார் மட்டும் பின்தங்கினார். மேஜையைத் துடைக்க வந்த சர்வரை மடக்கினார்.

“ஏம்ப்பா, மனுஷன் எழுந்து போயிட்டு வர்றதுக்குள்ள மேஜையை எங்கேயோ கொண்டுபோயிடறீங்களே, நியாயமா இது? என் பொண்ணு கல்யாணத்தையே நான் இல்லாம பேசி முடிச்சிட்டாங்க. இப்படிச் சுத்த விட்டதுக்கு யார் பதில் சொல்றது?”

சர்வர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“மோட்டார் கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு சார், நீங்க எழுந்து போறப்பல்லாம், ‘அவர் வர்றதுக்குள்ள பேசி முடிக்கணும், தள்ளி ஒரு டேபிள் குடுங்க’ன்னு உங்க வீட்டம்மாதான் மாறி மாறி உட்கார்ந்தாங்க.”