ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

பர்னபாஸ் வாழ்க்கையில் எத்தனையோ சபதம் செய்தவர். சிகரெட்டை விடுவேன் என்றார், பீடிக்கு மாறினார். காலைப் பூசைக்குப் போவேன் என்றார்; மாலைப் பூசை மணிக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு சபதத்தை மட்டும் ஆறு மாதமாகக் கட்டிக் காத்துவந்தார். தலைக்கு மேலே ஃபேன், உட்கார ஒரு நாற்காலி, இரண்டும் இருக்கிற வேலைக்குத்தான் போவார். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பார்.

கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்தது. பழைய துறைமுகத்தையே நம்பியிருந்த அவருடைய முதலாளி கடையைக் கட்டினார். மூட்டை எண்ணியவர்களையெல்லாம் யாராவது எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்தார். பதிவைப் புதுப்பிக்கிற வேலை மட்டும் நிரந்தரமாகக் கிடைத்தது.

உப்பளத்தில் கூப்பிட்டார்கள். "வெயிலு" என்றார். மீன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். "ஈரம்" என்றார். மளிகைக் கடையில் கல்லா நாற்காலியே தருகிறேன் என்றார்கள். மேலே அண்ணாந்து பார்த்தார். ஒட்டடைதான் தொங்கியது. திரும்பி வந்துவிட்டார்.

அவர் மனைவி ஹில்டா தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். சண்டை போடவில்லை. மூக்கைச் சிந்தவில்லை. ஒரு நாள் மத்தியானம் சோற்றில் பருப்புக் குழம்பை ஊற்றினாள்.

"மீன் எங்க ளா?"

"கடல்ல."

"குழம்புல ஏன் இல்லன்னு கேக்கேன்."

"ஒங்களுக்கு வேல கெடைக்கட்டும். சட்டிக்கு மீன் வரும்."

மறுநாளும் பருப்பு. அதற்கடுத்த நாளும் பருப்பு. கடற்கரையில் பிறந்த மனுஷனுக்கு இது என்ன கொடுமை! தவக்காலத்தில்கூட இறைச்சிதான் கூடாது. மீனைப் பாப்பரசரே தடுத்ததில்லை. ஹில்டா பாப்பரசருக்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். பக்கத்து வீட்டில் சாளை மீன் பொரிக்கிற வாசனை வரும்போதெல்லாம் பர்னபாஸ் ஜன்னலருகே போய் நின்று வெறுஞ்சோற்றைச் சாப்பிட்டார்.

இரண்டாவது வாரம் அவர் மூளை வேலை செய்தது. ஒரு சாயங்காலம் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்.

"ஏளா, வேல கெடைச்சிட்டு!"

"மாதாவே! எங்கன?"

"புதுக் கம்பெனி."

"பேரு?"

பேரை யோசிக்க மறந்திருந்தார். கொடியில் அவருடைய வேட்டி சலவை நீலத்தோடு தொங்கியது.

"நீலம்... நீலக்கடல். நீலக்கடல் என்டர்பிரைசஸ்."

"நான் கேள்விப்பட்டதே இல்லயே."

"புதுக் கம்பெனின்னா அப்படித்தான். இன்னும் போர்டே மாட்டல."

"சம்பளம்?"

"மூணு மாசம் ட்ரெயினிங். பெறவுதான் சம்பளம்."

"ஃபேன் உண்டா?"

"ரெண்டு."

ஹில்டா கூடையை எடுத்துக்கொண்டு நேரே மீன் சந்தைக்குப் போனாள்.

மறுநாள் முதல் பர்னபாஸ் பேன்ட் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடற்கரையில் பழுது பார்க்க ஏற்றிவைத்த தோணி ஒன்று இருந்தது. உள்ளே நல்ல நிழல். கடல் காற்று எந்த ஃபேனுக்கும் குறைச்சலில்லை. அதுதான் ஆபீஸ். கொண்டுபோன சோற்றுப் பாத்திரத்தைக் காலி செய்வதுதான் உத்தியோகம். பிறகு சாய்ந்தால் சாயங்காலம் வரை தூக்கம். வீட்டுக்கு வந்ததும் ஹில்டா சட்டையைக் கழற்றி வாங்குவாள். முதுகுப் பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பாள். சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுவாள்.

ராத்திரி இலையில் மீன் விழும். கூடவே கேள்வியும் விழும்.

"ஒங்க கம்பெனியில என்னதான் வேல?"

"எல்லா வேலையும்தான்." விளைமீன் துண்டொன்று வாயில் இருந்தது.

"ஹார்பர் வேலயும் எடுத்துச் செய்யுமா?"

"ஏன் செய்யாது?"

"கிழிஞ்ச கோணி தைக்கிற வேல?"

"அதுவும்தான். இன்னொரு துண்டு போடு."

ஒவ்வொரு மீனுக்கும் கம்பெனி ஒரு மாடி வளர்ந்தது. சாளைக்கு ஒரு டெலிபோன் வந்தது. ஊளிக்கு ஒரு கார் வந்தது. ஹில்டா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு இவ்வளவு கற்பனை இருப்பது பர்னபாஸுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வினை தெருவிலிருந்து வந்தது. வேலைக்கு ஊரே அலைகிற நேரத்தில் புதுக் கம்பெனி என்றால் சும்மா விடுவார்களா? முதலில் பக்கத்து வீட்டு முத்துக்கனி வந்தாள்.

"அண்ணாச்சி, எம்மவன் சுந்தரராஜ் பி.காம் முடிச்சிட்டு வீட்ட அளந்துக்கிட்டு கெடக்கான். ஒங்க கம்பெனியில ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பர்னபாஸ் தொண்டையைக் கனைத்தார். "இப்ப எடம் இல்ல. பெரிய இடத்துல கேட்டுச் சொல்லுதேன்."

அடுத்து மச்சினன் ரோச் வந்தான். அவனும் ஒரு வருஷமாகச் சும்மா இருந்தவன்.

"அத்தான், கூட்டிப் பெருக்கக்கூட வாரேன்."

"இப்ப எடம் இல்லடே. பெரிய இடத்துல கேட்டுச் சொல்லுதேன்."

இப்படி வாசலுக்கு வந்தவர்களையெல்லாம் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இல்லை என்று சொல்கிற பெரிய மனுஷன் ஆவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. போகப் போக அந்த வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

ஒரு நாள் காலையில் ஆபீசுக்குப் போனால், ஆபீசைக் காணோம். பழுது முடிந்து தோணியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பாயை விரித்துக்கொண்டு அது கொழும்பைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தலை சுற்றியது. கம்பெனி லீவு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பினார்.

வாசலில் ஒரு மாட்டு வண்டி நிறையக் கோணிகள். நிலைக்கு மேலே பளபளவென்று ஒரு போர்டு: 'நீலக்கடல் என்டர்பிரைசஸ்'.

பர்னபாஸ் கண்ணைக் கசக்கினார். தன் பொய் தனக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

உள்ளே தெருப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோணி ஊசியும் சணலுமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முத்துக்கனி. மூலையில் சுந்தரராஜ் கணக்கு எழுதினான். ரோச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது ஒரே ஃபேன். அதற்குக் கீழே, ஒரே நாற்காலியில் ஹில்டா.

"ஏளா... என்ன இது?"

"ஒங்க கம்பெனிதான். தெரியலயா?"

"வந்து... அது..."

"ஹார்பர் கான்ட்ராக்டர் கிருபாநிதி அண்ணாச்சிகிட்ட கோணி தைக்கிற வேல கேட்டு மூணு வாட்டி நடந்தேன். தனி ஆளுக்குத் தர முடியாது, கம்பெனின்னா தாரேன்னாவ. கம்பெனிக்கு நான் எங்கன போவேன்? நல்ல வேளையா நீங்க ஒண்ணு ஆரம்பிச்சிய. இன்னைக்குத்தான் மொத வண்டி வந்திருக்கு. பேரும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். சட்ட முதுகெல்லாம் தோணிக்குப் பூசுற மீன் எண்ணெ. எந்த ஆபீசுல நாற்காலிக்கு மீன் எண்ணெ பூசுதாவ?"

பெண்கள் சணலைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். பர்னபாஸுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கம்பெனி அவர் பெற்ற பிள்ளை அல்லவா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி, ஆனது ஆச்சு. மேனேஜர் நாற்காலி எங்க?"

"மேனேஜர் ரோச்சு."

"கணக்கு?"

"சுந்தரராஜ்."

"அப்ப எனக்கு?"

ஹில்டா தொண்டையைக் கனைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப எடம் இல்ல. பெரிய இடத்துல கேட்டுச் சொல்லுதேன்."

கேட்க வேண்டிய பெரிய இடமே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் யாரிடம் போவார்? சுவரோரமாக நின்றார். அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"வண்டியிலருந்து கோணி எறக்க ஒரு ஆளு வேணும். வாறியளா?"

வேலை என்று ஒன்று உண்மையிலேயே கையில் விழுந்ததும் பர்னபாஸுக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். மத்தியானம் வரை இறக்கினார். சட்டை முதுகு வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அதில் மீன் எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. குசினியிலிருந்து சீலா மீன் பொரிகிற வாசனை வந்தது. கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாகப் பந்தியில் உட்கார்ந்தார்.

ஹில்டா வரிசையாக எல்லோர் இலையிலும் மீன் வைத்துக்கொண்டு வந்தாள். அவர் இலை வந்ததும் சட்டியை மாற்றினாள்.

"மீன் பெர்மனென்ட் ஆளுகளுக்கு. ட்ரெயினிங்குல இருக்கவங்களுக்கு மூணு மாசம் பருப்புக் குழம்புதான்."