கேசரியும் கப்பலூர் மெஷினும்

தன் பாட்டை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பவன் கையில் விசேஷ வீட்டின் ஸ்பீக்கரைக் கொடுக்கக்கூடாது. பொதுவாகச் சொல்வதுபோல் சொல்கிறேனே தவிர, அப்படி ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் பல் தேய்த்துவிடுகிறேன்.

நான் செய்வது எலெக்ட்ரானிக் இசை. (சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.) பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டேன். பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் குடோன் காவல் பார்த்தேன், பெங்களூரில் மேடை லைட் கட்டுபவர்களுக்கு வயர் சுருட்டினேன். சில ஊர்களில் சாப்பாடு இருந்தது, தூங்க இடம் இல்லை. சில ஊர்களில் இடம் இருந்தது. கடைசியில் மதுரைக்கே திரும்பி, கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தபோதுதான் என் வாழ்க்கையின் முதல் நல்ல டிரம்மரைச் சந்தித்தேன். அது ஒரு மோல்டிங் மெஷின். டக், உஸ்ஸ், டடக். கடைசி டடக் என்பது வாளி கீழே விழுவது. பக்கத்தில் நின்றவர்கள் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். நான் சட்டைப்பையில் ரெக்கார்டர் வைத்திருந்தேன்.

என் வேலைமுறை சின்னது. போகிற இடத்தில் எல்லாம் சத்தம் பிடிப்பேன். ஷட்டர் ஏறுவது, பஸ் கதவு அடிப்பது, மாவு மில். வீட்டுக்கு வந்து வெட்டுவேன், இழுப்பேன், தலைகீழாக ஓட்டுவேன், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். பெரும்பாலும் அழித்துவிடுவேன். அழித்த பிறகும் ஏதாவது ஒன்று காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் பாட்டு. இப்படிச் செய்ததை இணையத்தில் போட்டால், முகம் தெரியாத நாட்டிலிருந்து யாரோ ஒருவர் பாராட்டாக நெருப்புப் படம் ஒன்றைப் போடுவார். மதுரையில் எங்களைப் போன்றவர்கள் ஒரு ஆட்டோவுக்குள் அடங்குவார்கள். காளவாசலில் ஒரு டயர் கடையின் கீழ்த்தளத்தில், கடை லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுத் தலையாட்டுவோம். மற்றவன் பாட்டுக்கு ஆட்டாவிட்டால் நம் பாட்டுக்கு அவன் ஆட்ட மாட்டான்.

சோற்றுக்குத் தனியாகச் சில வேலைகள் உண்டு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் பாட்டுகளை வெட்டி ஒட்டித் தருவேன். தள்ளுவண்டிக்காரர்களுக்கு விளம்பரக் குரல் பேசித் தருவேன். திருநகர்ப் பக்கம் 'மாதுளை, மாதுளை, உரிச்சா ரத்தச் சிவப்பு' என்று ஒரு குரல் போனால் அது நான்தான். என் பாட்டைவிட என் மாதுளைக்கு ரசிகர்கள் அதிகம்.

அப்போது நான் திருநகரில் என் நண்பன் குபேந்திரன் வீட்டு மொட்டைமாடி அறையில் இருந்தேன். தகரக் கூரை. வெயில் காலத்தில் கம்ப்யூட்டருக்கு ஈரத்துணி போர்த்துவேன். குபேந்திரன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். என்னிடம் மட்டும் தமிழ். அவன் அம்மா சரோஜாம்மா என்னைத் தன் இன்னொரு பிள்ளை என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சாப்பிடும் நேரத்தில், "மேல இருக்கறதையும் கூப்பிடு" என்பார். எனக்கு அது போதும்.

என் இசையைப் பற்றி அந்த வீட்டின் கருத்து ஒன்றுதான். குபேந்திரன் ஒரே ஒரு முறை ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.

"மாப்ள, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதான்டா பாட்டு."

"நான் ஃபேன் பேரிங் போயிருச்சுன்னுல்ல நினைச்சேன்."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அந்த நேரத்தில் கப்பலூர் மெஷினை வைத்து ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தேன். தாளம் பிரமாதம். ஆனால் உயிர் இல்லை. மாதக்கணக்கில் தள்ளாடியது. ஒருநாள் சமையலறையில் குக்கர் விசிலைப் பிடிப்பதற்காக மசாலா டப்பாக்களுக்கு நடுவில் ரெக்கார்டரை வைத்துவிட்டு மறந்துபோனேன். சாயங்காலம் எடுத்துக் கேட்டால், விசிலுக்குப் பின்னால் சரோஜாம்மாவும் அவர் தங்கையும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் சரோஜாம்மா ஒரு வாக்கியத்தை இழுத்து, நிறுத்தி, கடைசியில் தட்டிவிட்டு முடித்த விதம் இருக்கிறதே, அது மெஷினின் டக், உஸ்ஸ், டடக்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று கீழே இறங்கிக் கேட்டிருக்கலாம். பதினைந்து படி கூட இருக்காது. நான் கேட்கவில்லை. புரியாதவரைக்கும் குரல் ஒரு வாத்தியம், புரிந்துவிட்டால் வெறும் செய்தி என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். (டயர் கடையில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.) அந்த வாக்கியத்தை வெட்டி, திருப்பித் திருப்பி ஓட்டி, பாட்டை முடித்தேன்.

குபேந்திரனின் அக்கா ரேவதிக்கு அப்போதுதான் வரன் அமைந்திருந்தது. ரேவதியக்கா ஒரு லேபில் வேலை பார்த்தார். வந்த இரண்டு வரன்கள் பேச்சுவார்த்தையிலேயே கரைந்துபோயிருந்தன. மூன்றாவதாக வந்த ஜெகனை அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. மாடியில் துணி காயப்போட வந்தவர் என்னிடமே ஒருமுறை, "நிறைய பேச மாட்டாரு. ஆனா நாம பேசுறப்ப போனைப் பாக்காம இருக்காரு" என்று சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் முடிவு எடுப்பவர் அவருடைய அத்தை. அவர் சரி என்றால் சரி.

நிச்சயதார்த்தத்துக்கு மைக்செட் என் பொறுப்பு. அந்த வீட்டுச் சோற்றுக்கு என்னால் முடிந்தது. சரோஜாம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நாதஸ்வரம் போடு. பழைய பாட்டு போடு. உன் மெஷினைப் போட்ராத சாமி."

மோதிரம் மாற்றும்வரை ஒழுங்காகத்தான் இருந்தேன். தட்டு மாற்றும் சடங்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்போது மாப்பிள்ளையின் தம்பி முறைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து, "அண்ணே, நீங்க மியூசிக் பண்ணுவீங்களாமே. உங்களது ஒண்ணு போடுங்கண்ணே" என்றார்கள்.

என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நிபந்தனை, சாமி, சோறு எல்லாம் மறந்துபோயிற்று. போட்டேன்.

முதலில் மெஷின் மட்டும். சிலர் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார்கள். பிறகு குரல் வந்தது. முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்றில் பந்தியில் ஒரு வரிசை சாப்பிடுவதை நிறுத்தியது. மூன்றாவது சுற்றில் மண்டபமே நிறுத்தியது. பாயசம் ஊற்றியவர் வாளியைத் தூக்கியபடி நின்றார். அத்தனை பேரும் ஸ்பீக்கரையே பார்த்தார்கள்.

கலை மனிதர்களை அப்படியே நிறுத்திவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டினேன்.

குபேந்திரன் பந்தியைத் தாண்டி ஓடிவந்தான். "நிப்பாட்டுடா! மாப்ள, நிப்பாட்டுடா!"

"இருடா, இனிமேதான் மெயின் எடமே வருது."

மெயின் இடம் என்பது மெஷினும் அடியில் ஓடும் பாஸ் ஒலியும் மொத்தமாக நின்று, அந்தக் குரல் மட்டும் தெளிவாக, தனியாக ஒலிக்கும் இடம். அது வந்தது. சரோஜாம்மாவின் குரல் மண்டபத்தின் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பியது. குபேந்திரன் பிளக்கைப் பிடுங்கினான்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

மண்டபத்தில் எனக்கு மட்டும் புரியாத அந்தச் சௌராஷ்டிரத்தை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் மொழிபெயர்த்தான். பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சரோஜாம்மா தங்கையிடம் சொல்லியிருக்கிறார்: 'அந்த அத்தைக்காரி இருக்காளே, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே மூணு தட்டு கேசரி தின்னுட்டா!'

அந்த அத்தை முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இலையில் அப்போதுதான் இனிப்பு வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல், இலையை மூடிவிட்டு எழுந்தார். சரோஜாம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி நின்றார். அத்தை எல்லோரையும் கடந்து நேராக என்னிடம் வந்தார்.

"யாருப்பா இதைச் செஞ்சது?"

"நான்தாங்கம்மா."

"என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

"தெரியாமலா இத்தனை தடவை போட்ட?"

"கேக்க நல்லா இருந்துச்சும்மா."

இதைவிட மோசமான பதில் ஒன்று இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் நேராக வெளியே போய்க் காரில் ஏறினார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் ஏறினார்கள். ஜெகன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தட்டு மாற்றாமலேயே நிச்சயதார்த்தம் கலைந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். நானே துணியை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலூர் கம்பெனி ஷெட்டில் போய்ப் படுத்தேன். வெறும் தரை எனக்குப் புதிதில்லை. பக்கத்தில் அதே மெஷின். ஆனால் டக், உஸ்ஸ், டடக் என்று அது அடிக்கும்போதெல்லாம் எனக்கு வேண்டாம், வேண்டாம், மூணு தட்டு என்றே கேட்டது. இத்தனை வருடம் சத்தம் பொறுக்கி அலைந்ததில், ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. சரோஜாம்மா அதைத் தங்கையிடம் சொன்னார். மெஷினிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. புரியாத மொழி என்பதால் அதை யாருமில்லாத இடத்தில் கிடந்த பொருள்போல எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ரேவதியக்கா கம்பெனி வாசலுக்கே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எதை வேணாலும் வெட்டி ஒட்டுவேன்னு பீத்துவியே. இதை ஒட்டு."

"நான் என்னக்கா செய்ய?"

"அவங்க வீட்டுக்குப் போ. அம்மா போனா சண்டை வரும். அப்பா போனா அழுவாரு. நீ போனா அடி மட்டும்தான் விழும்."

குபேந்திரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை கதவைத் திறந்தார். உள்ளே அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பைச் சொல்லி முடித்தேன். அத்தை, "மூணு இல்ல" என்றார்.

"அம்மா?"

"நான் தின்னது ஒரு தட்டு. மத்த ரெண்டும் இந்தா உக்காந்திருக்காரே, இவரு. சக்கரை வியாதி. நேரா வாங்கித் தின்னா நான் திட்டுவேன்னு, நான் இந்தப் பக்கம் திரும்பறப்ப என் தட்டுல இருந்து அள்ளிக்கிட்டாரு. காலியாகுது, உங்க அம்மா வைக்கறாங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்தறேன். யாரு கேட்டா?"

பேப்பர் மெல்ல உயர்ந்து அவர் முகத்தை மூடியது.

"எனக்குக் கோவம் அவங்க பேசுனதுல இல்ல. நானும்தான் வீட்டுக்கு வந்து அவங்க கேசரில முந்திரி இல்லன்னு பேசுனேன். தப்புக் கணக்கை மண்டபம் பூராம் கேட்ருச்சு. அம்புட்டுப் பேரும் என்னை என்ன நினைப்பாங்க? நான் சொல்றதையும் எவனாவது மைக்குல போடுவானா?"

"நான் போடுறேம்மா" என்று வாய் தானாகச் சொன்னது. இந்த முறை கூடவே, "நீங்க சொல்றதைக் குபேந்திரன் எனக்குத் தமிழ்ல சொல்லட்டும். புரிஞ்சப்புறம்தான் பாட்டுல சேப்பேன்" என்றேன்.

அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணத்தன்று, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடும், அந்தப் பாட்டு மறுபடி ஒலித்தது. சரோஜாம்மா ஒரு சுற்று, அத்தை ஒரு சுற்று, நடுவில் கப்பலூர் மெஷின். சரோஜாம்மா 'மூணு தட்டு' என்று முடித்த இடத்தில் அத்தை 'அதுல ரெண்டு இவருது' என்று இறங்கியபோது எழுந்த சிரிப்பில் மண்டபத்தின் கூரையே தூக்கிக்கொண்டது. சரோஜாம்மாவும் அத்தையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரேவதியக்கா மணமேடையில் தலையைக் குனிந்து சிரித்ததில் நெற்றிச்சுட்டி ஆடியது. சிரிப்புக்கு நடுவே அவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் ஜெகன் போனைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் கணவரான பெரியவர் மட்டும் கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

அந்தப் பாட்டை நான் இணையத்தில் போடவில்லை. அது அவர்களுடையது. எனக்கு அதில் இப்போது தாளமே கேட்பதில்லை, கேசரிதான் கேட்கிறது. என் கொள்கைப்படி பார்த்தால் பாட்டு கெட்டுவிட்டது. ஆனால் நான் செய்ததிலேயே ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அது ஒன்றைத்தான்.

இரண்டு வீட்டிலும் அன்றிலிருந்து ஒரு வழக்கம். இனிப்பு வைக்கும்போது யாராவது வாய் தவறி 'வேண்டாம்' என்றால், அவர் முன்னால் மூன்று தட்டு வரும். சொந்தம், பந்தம், புது மருமகன் என்று விதிவிலக்கு கிடையாது. போன மாதம் ரேவதியக்கா வீட்டு விசேஷத்தில், வயிறு நிஜமாகவே சரியில்லாமல், நான் சொல்லித் தொலைத்தேன். தட்டுகள் வந்தன. அத்தை எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டைச் சமாளித்துவிட்டு, அவர் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், மூன்றாவதைப் பக்கத்திலிருந்த பெரியவர் பக்கமாக மெல்ல நகர்த்தினேன். அவரும் ஆவலோடு ஸ்பூனை எடுத்துவிட்டார்.

அத்தை திரும்பாமலேயே சொன்னார்: "அது இவரு கணக்குல வருது."