உள்ளூரில் ஆளே இல்லை

தொலைந்ததைத் தேடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிடைத்துத் தொலைத்துவிடுமோ என்ற பயத்தோடு தேடுகிறவரைப் பார்த்ததுண்டா? கனடாவில் எங்கள் நோவா ஸ்கோஷியாக் கடற்கரையில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மீன் ஆலை வைத்திருப்பார், அதைவிடப் பளபளப்பாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருப்பார், ‘உள்ளூரில் ஆளே இல்லை’ என்ற ஒரே வாக்கியத்தைத் தேவாலய வாசலில் தொடங்கி ஹாக்கி அரங்கின் காப்பிக் கடைவரை சொல்லிக்கொண்டே போவார். இனத்தின் நல்ல மாதிரி வேண்டுமென்றால் டெல்பர்ட் சுரெட்டைப் பாருங்கள்.

டெல்பர்ட்டின் ஆலையில் சிங்கி இறாலை வேகவைத்து, ஓட்டை உடைத்து, சதையெடுத்து டப்பாவில் அடைக்கிறார்கள். நவம்பர் கடைசியில் படகுகள் கடலில் இறங்குவதற்குள் பிலிப்பைன்ஸிலிருந்து இருபது பேர் வந்தாக வேண்டும். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: முதலில் உள்ளூரில் விளம்பரம் செய்து ஆள் தேட வேண்டும், தகுதியானவர் வந்தால் காரணமில்லாமல் தட்டிக்கழிக்கக் கூடாது.

தேடினார். விளம்பரத்தில் இப்படி எழுதினார்: ‘அதிகாலை நாலு மணி. ஈரம். குளிர். நாற்றம். நாள் முழுக்க நின்றபடி வேலை.’ தன் ஆலையைப் பற்றி அவர் வாழ்நாளில் உண்மை பேசியது அந்த ஒரு விளம்பரத்தில்தான். மணிலாவுக்கு அனுப்பிய விளம்பரத்தில் அதே ஆலைக்கு மேலே சூரியன் சிரித்தது. தேவாலயக் கூடத்துப் பலகையிலும் ஒட்டினார், காணாமல்போன பூனையின் படத்துக்கு அடியில் பாதி மறையும்படி. நேர்காணலுக்கு இடம் ஒதுக்கினார், தூண்டில் இரை அழுகும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில், கதவைத் திறந்து வைத்து.

போன வருஷம் வந்த இளைஞர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். டெல்பர்ட்டுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இந்த வருஷம் வெர்னா ம்யூஸ் வந்தார். பள்ளியில் டெல்பர்ட்டோடு படித்தவர். கணவருக்கு முதுகு போய்ப் படகை விற்றாகிவிட்டது. இந்த வேலையும் இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கே வெகுதொலைவில் ஆல்பர்ட்டாவில் மகள் வீட்டு நிலவறைக்குப் போக வேண்டியதுதான்.

“காலைல நாலு மணிக்கு வரணும், வெர்னா.”

“அதுக்குள்ள நான் ரொட்டியே சுட்டு முடிச்சிருப்பேன்.”

“குளிரு. கை மரத்துப்போயிடும்.”

“எங்க வீட்டுக்கு வந்து பாரு. இங்க கதகதப்பா இருக்கு.”

“நாத்தம் வேற.”

“முப்பது வருஷமா மீன்பிடிக்கிறவனோட குடித்தனம் பண்றேன். நாத்தத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதே.”

“உனக்கு முதுகுவலி உண்டே?”

“அது என் புருஷனுக்கு.”

டெல்பர்ட்டுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஆள் தேடுகிறவருக்கு இதைவிடக் கெட்ட நேரம் வருமா? “சொல்லி அனுப்புறேன்” என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அனுமதி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். “உள்ளூர்க்காரங்க யாராச்சும் வந்தாங்களா, சார்?”

“ஒருத்தங்க வந்தாங்க. குளிர் ஒத்துக்காதுன்னு அவங்களே வேண்டாம்னுட்டாங்க.”

“அப்படியா? வெர்னாதானே? இப்பத்தான் இங்க போன் பண்ணாங்க. எப்ப வேலைக்கு வரணும்னு என்னைக் கேட்டாங்க.”

டெல்பர்ட் இருமினார். அந்த இருமலுக்குள் எதையாவது யோசித்துவிட முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை.

“அவங்களைச் சேர்த்துக்கிட்டா மீதிப் பத்தொன்பது பேருக்கு அனுமதி தரலாம், சார். இல்லைன்னா இருபதும் கிடையாது.”

சேர்த்துக்கொண்டார். அனுமதியும் வந்தது, பத்தொன்பது பேரும் வந்தார்கள். வெர்னாவுக்கும் அவர்களுக்கும் ஒரே கூலி, ஒரே கத்தி, ஒரே குளிர். பிறகு எதற்கு இந்த மனிதருக்கு அவ்வளவு பயம்?

முதல் நாளே தெரிந்துவிட்டது. வேலை நேரம் முடிந்து மணி அடித்தபோது தொட்டிகளில் இன்னும் இறால் கிடந்தது. டெல்பர்ட் கையைத் தட்டினார். “எல்லாரும் இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் இருங்க. நாம எல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?”

பத்தொன்பது பேரும் குனிந்து அடுத்த இறாலை எடுத்தார்கள். இந்த ஆலையைத் தவிர வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று அவர்கள் கையிலிருக்கும் அனுமதி சொல்கிறது. டெல்பர்ட் முகம் சுளித்தால் ஊருக்குத் திரும்பும் விமானம்தான்.

வெர்னா மட்டும் நிமிர்ந்தார். “அந்த ரெண்டு மணிக்கும் கூலி உண்டா?”

“பார்க்கலாம்.”

“அப்ப நானும் நாளைக்குப் பார்க்கிறேன்” என்று ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பூட்ஸைக் கழுவினார், கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. பத்தொன்பது கத்திகளும் நின்றன. பத்தொன்பது தலைகளும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. டெல்பர்ட் ஓடிப்போய் அதைச் சாத்தினார், குளிர் உள்ளே வருகிறதாம்.

மறுநாள் காப்பிக் கடையில் அவருடைய வாக்கியம் கொஞ்சம் நீண்டிருந்தது. “உள்ளூர்ல ஆளே இல்லைப்பா. ஒருத்தியைப் பாவம்னு சேர்த்தேன். மணி அடிச்சா கிளம்பிப் போயிடுறா.” கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்களுக்கும் ஆலை இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை கொண்டுவிட்டு, கதவின் தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, “இருந்து சாப்பிட்டுப் போகலாமே” என்றீர்கள். அவர் “சரி” என்று செருப்பைக் கழற்றியிருந்தால் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும்? கண்ணாடியில் பார்க்க வேண்டாம். டெல்பர்ட்டின் முகத்தைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தீர்களே.