ஒன்பது மாத வீடு

ஒரு மனிதனுக்கு வருடத்தில் எத்தனை மாதம் வீடு தேவை என்ற கேள்விக்கு உலகத்துப் பெருநகரங்கள் எல்லாம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன. நார்வேயின் வடகோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்கார்வோய் என்ற சிற்றூர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. விடை: ஒன்பது.

செப்டம்பர் முதல் தேதி வீட்டை வாடகைக்குக் கொடுப்பார்கள். மே முப்பத்தொன்றாம் தேதி காலி செய்யச் சொல்வார்கள். மிச்சமுள்ள மூன்று மாதமும் "அசல் மீனவர் வாழ்க்கை"யை அனுபவிக்க வரும் விருந்தினர்களுக்கு. மீனவர் வீட்டில் மீன் வேலைக்காரனே குடியிருந்தால் விருந்தினர் அந்த வாழ்க்கையை எங்கே போய் அனுபவிப்பது? நியாயம்தானே.

அந்த நியாயத்துக்கு நான்கு வருடமாகக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் ஐலிஃப். காட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தலில் காயப்போடுவது அவன் தொழில். கூட வேலை செய்தவர்கள் காலையில் பக்கத்துத் தீவிலிருந்து படகில் வந்து சாயங்காலம் போய்விடுவார்கள். ஊரிலேயே தங்கியது ஐலிஃபும் அவன் மனைவி சுன்னிவாவும்தான். அதனால் ஊரிலுள்ள இருபத்திரண்டு வீடுகளுக்கும் குளிர்காலக் காவல் அவன் பொறுப்பு. கூரையில் பனி சேர்ந்தால் தள்ள வேண்டும்; குழாய் உறையாமல் வீட்டுக்கு வீடு கணகணப்பு இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் தெற்கே ஆஸ்லோவில் இருந்தார்கள். இப்படியாக, ஆளே இல்லாத இருபத்தொரு வீடுகள் குளிர்காலம் முழுக்க சௌக்கியமாக இருந்தன.

கருவாடு பந்தலைவிட்டு இறங்கும் ஜூன் மாதத்தில்தான் அவனுக்கு இடுப்பொடியும் வேலை. அதே மாதத்தில்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கக் கூடாரமும் அடிக்க வேண்டும். நான்கு கோடையை அப்படி ஓட்டிவிட்டான். ஐந்தாவது கோடையில் ஒரு நிர்வாகச் சிக்கல் முளைத்தது. சுன்னிவாவுக்கு ஜூன் முதல் வாரம் பிரசவம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நம்ம பிள்ளைக்கும் ஒன்பது மாச ஒப்பந்தம்தான் போல. அதுவும் ஜூன்லதான் காலி பண்ணுது," என்றாள் சுன்னிவா. "நான் பிள்ளையைக் கூடாரத்துல போட மாட்டேன். ஊர்க் கூட்டம் வருதுல்ல, வாயைத் திறந்து கேளு."

"கேக்கறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அங்க போய் வாஃபிள் நல்லாருக்குன்னுட்டு வந்துட்ட."

ஏப்ரலில் நடந்த அந்த மாபெரும் கூட்டத்தின் பொருள்: "இளம் குடும்பங்கள் ஏன் நம் ஊரில் தங்குவதில்லை?" ஊர்ப் பொதுக்கூடத்தில் அறுபது நாற்காலி போட்டான் ஐலிஃப். சுன்னிவா வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுட்டு, மேலே வைக்கப் பழுப்பு நிறச் சீஸ் சீவி அடுக்கினாள். இருபத்தொரு வீட்டுக்காரர்கள் சுவரில் தொங்கிய திரையில் வந்தார்கள். ஐலிஃப் குடியிருந்த குடிலின் சொந்தக்காரி யோருனும் அதே திரையில் வந்தாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர்.

"வாஃபிள் வாசனை இங்க வரைக்கும் வருது," என்றார் கூட்டத் தலைவர் ஹல்வார், ஆஸ்லோவிலிருந்து. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் உறங்கிவிட்டதே என்று முக்கால் மணி நேரம் வருந்தினார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிலருக்குப் படம் உறைந்துவிட்டது. அதையும் துக்கம் என்றே குறிப்பில் எழுதினார்கள்.

சுன்னிவா முழங்கையால் இடித்தாள். ஐலிஃப் எழுந்தான்.

"எங்களுக்கு ஒரு வீடு வேணும். பன்னிரண்டு மாசத்துக்கும்."

திரை முழுக்க அன்பு பொங்கியது.

"ஐலிஃப், நீ இந்த ஊரோட சொத்துப்பா," என்றாள் யோருன். "எங்க விளம்பரத்துல முதல் படமே நீதான், பந்தலுக்குக் கீழ நிக்கிறியே, அது. ஆனா என் குடில் ஆகஸ்ட் வரைக்கும் பதிவாயிடுச்சே. ஹல்வார் வீடு சும்மாதான கெடக்கு?"

"சும்மாவா? ஜூலைல என் மச்சினன் ஒரு வாரம் வர்றாரு. வருவாரு. போன வருஷம் வரல."

"அந்த மஞ்சள் வீடு?" என்று கேட்டாள் சுன்னிவா.

"அதுல எங்கப்பா உக்காந்த நாற்காலி இருக்கு," என்றது ஒரு குரல். "யாரும் உக்காந்துடக் கூடாது."

"நாங்க நின்னுக்கிறோம்," என்றாள் சுன்னிவா.

ஹல்வார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதிநிலை அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னார்: "தம்பி, உணர்ச்சிவசப்படாம யோசி. ஜூன், ஜூலைல இங்க சூரியனே மறையறதில்ல. ராத்திரியே இல்லாத மாசத்துல ராத்தங்க இடம் எதுக்கு?"

இப்படி ஒரு தர்க்கத்துக்கு நாற்காலிகள்கூடத் தலையாட்டியிருக்கும். ஐலிஃப் ஒரு வாஃபிளை எடுத்தான். சுன்னிவா பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டான்.

இருந்தாலும் கூட்டம் அவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு ஒரு குழந்தை வருகிறது. குழந்தை பிறந்தால் வீட்டில் கொடியேற்றுவது அந்த நாட்டு வழக்கம். ஆகவே குழந்தை வந்து இறங்கும் நாளில் இருபத்திரண்டு வீட்டுக் கம்பத்திலும் கொடி பறக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஏற்ற வேண்டியவர்: ஐலிஃப்.

ஜூன் ஒன்பதாம் தேதி, பெரிய தீவின் ஆஸ்பத்திரியிலிருந்து படகில் மகளோடு வந்து இறங்கினார்கள். மீன் கூடத்து மேஸ்திரி வலைக் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்திருந்தார். சுன்னிவாவை அங்கே படுக்க வைத்துவிட்டு, ஐலிஃப் தீர்மானத்தை நிறைவேற்றப் போனான்.

யோருனின் குடிலில் கொடியேற்றும்போது, கோடை விருந்தாளி ஒருவர் அவனை அன்போடு உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் வந்து பாருங்க. மீன்காரங்க இவ்வளவு சின்ன எடத்துலதான் குடும்பம் நடத்தினாங்களாம். பாவம்ல?"

"ஆமாங்க," என்றான் ஐலிஃப், செருப்பைக் கழற்றிவிட்டு.

கடைசிக் கொடி ஏறியதும் போன் அடித்தது. ஹல்வார்.

"ஊர்க் கேமரா நேரலையில பாத்தேன் தம்பி. அழுதுட்டேன். ஊருக்கு உயிர் வந்துடுச்சு. பிள்ளை எங்க தூங்குது?"

"வலைக் கொட்டகையில."

அந்தப் பக்கம் கணினியைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"அங்க கொடிக்கம்பம் கிடையாதே," என்றார் ஹல்வார், உண்மையான வருத்தத்தோடு.

மறுநாள் வட்டாரப் பத்திரிகை "உயிர்த்தெழுந்த ஊர்" என்று முதல் பக்கத்தில் பெரிய படம் போட்டது. படத்தில் கொடிகள் இருபத்திரண்டு. ஊர்க்காரர்கள் மூன்று பேர்தான். அந்த மூவரும் படத்தில் இல்லை.