படுத்து வந்த அலையில் பிள்ளை முகம்

லெப்பைக்குடிக்காடு,
சனிக்கிழமை, மார்ச் 1999.

அன்பு மகன் முகமது அனசுக்கு அத்தா கவுஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்க துஆ செய்கிறோம்.

நேற்று உன்னை டிவியில் பார்த்துவிட்டோம். கலைவிழாவை நேரடியாகக் காட்டுவார்கள், முன்வரிசையில் இருப்பேன் என்று எழுதியிருந்தாயே, அதற்காக அஸர் தொழுதுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தால் அந்தச் சேனல் மட்டும் புள்ளி புள்ளியாக இரைகிறது, மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. டிஷ் மாட்டிய தங்கராசு மீன்சுருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். உன் அம்மா டிவியின் தலையில் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். காலேஜில் பிசிக்ஸ் படிக்கிற உன் தங்கை ஷஹானாதான் யோசித்துச் சொன்னாள்:

"அத்தா, ஒரு அலை மேலயும் கீழயும் ஆடிக்கிட்டு வரும். இன்னொன்னு படுத்தாப்ல, பக்கவாட்டுல ஆடிக்கிட்டு வரும். நம்ம டிஷ்ஷு மூக்கு நின்னு வர்றத மட்டுந்தான் வாங்குது, அந்தச் சேனல் படுத்து வருது போல. அத கால்வட்டம் திருப்புங்க."

முட்டிவலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஸ்பேனரோடு மாடியில் நிற்கிறேன். டிஷ்ஷின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கை மெல்லத் திருப்பத் திருப்ப, ஷஹானா ஜன்னலிலிருந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறாள். படம் வந்துவிட்டது என்று அவள் கத்தவும், நம் டிஷ்ஷிலிருந்து வயர் இழுத்திருக்கும் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் பாதி வாரிய தலையோடு வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

"எங்க வூட்டுல நாடகம் போயிருச்சுங்களே."

அனஸ் டிவியில் வரப்போகிறான் என்று மேலிருந்தே சொன்னேன். நாடகத்தை மறந்து உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி வரவும் கேமரா முன்வரிசையைக் காட்டவும், உன் அம்மா எழுந்து போய் டிவிக் கண்ணாடியில் உன் கன்னத்தைத் தொட்டுவிட்டாள். ரத்தினம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் கடைத்தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்து முடித்தேன்.

உன் ஆயுளிலும் சம்பாத்தியத்திலும் பரக்கத் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அத்தா கவுஸ்.

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் போன் வந்தது. காய்ச்சலில் ரூமிலேயே படுத்துவிட்டேன், விழாவுக்குப் போகவே இல்லை என்கிறாய். உன் அம்மாவிடம் சொன்னேன். டிவியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "யாரு பெத்த புள்ளயோ, ரொம்ப எளச்சிருந்துச்சு. யாருன்னு விசாரிக்கச் சொல்லுங்க, அனசுக்குக் கொடுத்து வுடுற அல்வாவுல அதுக்கும் ஒரு பங்கு சேத்து வைக்கணும்" என்கிறாள்.