ஒரு தெருவையே அடைத்த அனலிஸ்ட்

இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன் பேர்வழி என்று ஒரு தெருவையே இழுத்து மூட வைத்தவன் நான். சாதாரணமாக அதற்கு ஒரு கட்சியாவது வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. தாராவியில் வாப்பாவுக்குத் தோல்பை தைக்கும் கார்கானா. பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தேன் (கம்ப்யூட்டரைத் தொட்டது மொத்தம் நான்கு முறை). ஒரு கம்பெனியிலிருந்து சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் வேலைக்கு அழைப்பு வந்தது.

"இதுவும் கெடைக்கலன்னா திங்கக்கெழம மிஷின்ல உக்காந்துரணும்ல" என்றார் வாப்பா.

கோர்ஸில் கூடப் படித்த மாட்டுங்கா சேஷாத்ரி ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருந்தான். "டெக்னிக்கலா குடைவாடா. எங்கேயாவது நின்னு, உள்ள என்ன வரது, வெளில என்ன போறது, யார் என்ன பண்றான்னு எழுதிப் பழகு" என்றான்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலை, வாப்பா ஜிப் வாங்கப் போயிருந்தார். ஒத்திகையை முழுசாகவே செய்வோமே என்று வெள்ளைச் சட்டை, சேஷாத்ரியின் டை, கையில் கிளிப் அட்டை சகிதம் தெருவில் இறங்கினேன். பக்கத்துக் கார்கானாவில் அந்த வாரம்தான் சேர்ந்திருந்த ஒருவரிடம், "கித்னே ஆத்மி காம் கர்தே ஹை?" என்று கேட்டேன்.

தாராவியில் டை கட்டியவன் ஆள் கணக்குக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"முனிசிபாலிட்டி ஆயா!" முனிசிபாலிட்டிக்காரன் வந்துவிட்டானாம்.

லைசென்ஸ் இல்லாத கார்கானாக்களின் ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின. மிஷின்கள் பரணுக்கு ஏறின. யாரோ ஸ்டூல் போட்டு, "பைட்டியே ஸாப்" என்று கையில் ஒரு கலர் பாட்டிலைத் திணித்தார். அனலிஸ்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய்க் குடித்தேன் ('உள்ளே வருவது: கலர், ஒன்று' என்று குறித்துக்கொள்ளவும் செய்தேன்). நிமிர்ந்தபோது தெருவில் நானும் ஓர் ஆடும்தான் இருந்தோம். என்னைத் தூக்கி வளர்த்த எங்கள் கட்டிங் மாஸ்டர் சுலைமான் காக்காகூட ஓடிவிட்டார். "ஒன்னயப் பாத்து ஓடலல. எல்லாரும் ஓடுனாவ, நானும் ஓடுனேன்" என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாற்பது பை போயாக வேண்டும். வாப்பா வந்து பார்த்தார்.

"என்னல பண்ணி வச்சிருக்க?"

"ஸ்டடி பண்ணேன் வாப்பா."

"மிஷின்ல உக்காருல!"

திங்கட்கிழமை வரை காத்திருக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, இருட்டும்வரை கைப்பிடி தைத்தேன். கோர்ஸ் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை.

மறுநாள் எதிரே மூன்று பேர். முதல் கேள்வி: "ஓர் இடத்தில் நடக்கும் வேலையை ஆராயப் போகும்போது வரும் பெரிய சிக்கல் எது?"

புத்தகத்தில் ஏழு பாயின்ட் இருந்தது. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "நாம் போனதும் எல்லாரும் ஓடிவிடுகிறார்கள் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏன் என்றார்கள். ஆடு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது.

வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படி என்ன வேல?" என்று கேட்டது தெரு. "எடம் எடமாப் போயி, யாரு என்ன செய்யிறாவன்னு கேட்டு எழுதணுமாம்" என்றார்.

"அப்ப முனிசிபாலிட்டிதான்" என்று தீர்ப்பாகிவிட்டது.

பல வருஷம் கழித்து மகள் பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "வாப்பாவுக்கு என்ன தொழில்னு எழுத?" என்று கேட்டாள். அடுப்படியிலிருந்து என் மனைவி யோசிக்காமல் பதில் சொன்னாள்:

"அவுக போனா எல்லாரும் கடைய அடச்சிட்டு ஓடுவாவல்லா, அந்த வேல."