ஆறு முதல் ஏழு வரை

"செவ்வாய்க்கிழமை காலையில ஆறுலேருந்து ஏழு வரைக்கும் நீ எங்க இருந்தே?"

ஹெட்கிளார்க் அம்மாள் இதைக் கேட்டது மகளிடம். கேட்ட தோரணை என்னவோ திருடனிடம் கேட்பதுபோல இருந்தது. கையில் காலையில் வந்த கடிதம்.

"ரூம்லதான்மா இருந்தேன். பளு தூக்கிட்டிருந்தேன். கீழ்வீட்டு மாமா விட்டம் அதிருதுன்னு மேல வந்து சத்தம் போட்டாரே, அவரையே கேளு."

"இருந்தாம்மா, நான் சாட்சி" என்றார் அம்மாளின் வீட்டுக்காரர், செய்தித்தாளைக் கீழே வைக்காமல்.

ஆனால் கடிதம் வேறு சொன்னது. ஊக்கமருந்துச் சோதனைக்கு அதிகாரி வீடு தேடி வந்தபோது வீராங்கனை வீட்டில் இல்லை, இது இரண்டாவது முறை, ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது முறையும் இப்படி ஆனால் இரண்டு வருஷம் வரை போட்டிப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று போட்டிருந்தது. மகளுக்கு அடுத்த மாதம் தேசிய அணித் தேர்வு. அதற்காக ஐந்து வருஷமாக விடியற்காலையில் எழுந்து, விட்டத்தை அதிரவைத்து, கீழ்வீட்டு மாமாவின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

ஹெட்கிளார்க் அம்மாளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயந்தால் அவளுக்கு அதட்டத்தான் வரும்.

"போட்டி நடக்கிற இடத்துல சோதனை பண்ணக்கூடாதா? விடியற்காலையில வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுறது என்ன பழக்கம்?"

மகள் பொறுமையாகச் சொன்னாள். மருந்து சாப்பிடுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே சாப்பிட்டு, போட்டி நாளுக்குள் உடம்பைச் சுத்தமாக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து நின்றுவிடுவார்களாம். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்கள். தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அங்கே இருக்க வேண்டும்.

"நீதான் எதையும் சாப்பிடலையே."

"சாப்பிடலைன்னு நானே சொன்னா யாரும்மா நம்புவா? நான் ஜெயிச்சா, அது நானே ஜெயிச்சதுன்னு வேற ஒருத்தர் சொல்லணும். அதுக்குத்தான் இந்த விதியே."

வாதத்தில் தோற்றால் ஹெட்கிளார்க் அம்மாள் கோப்பைத் திறப்பாள். அன்றும் திறந்தாள். எழுதிக் கொடுத்த அந்தப் படிவத்தின் நகலில் ஒரு குறையும் இல்லை, இருக்கவும் முடியாது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம் படிவம் பார்த்தவள் அவள். புகைப்படம் ஒரு நூல் கோணலாக ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். பிறந்தவரும் இறந்தவரும் தாங்களே வந்து படிவம் நிரப்புவதில்லை என்பதால், படிவம் கொண்டு வருகிறவர் விவரம் முதல் பக்கம், யாருக்காகவோ அவர் விவரம் இரண்டாம் பக்கம் என்பது அந்த அலுவலகத்தின் வேதம். மகள் தானே நிரப்புகிறேன் என்றபோதுகூட, "உனக்கு எடை தூக்கத் தெரியும், எழுத்து என் வேலை" என்று பிடுங்கி நிரப்பியது அவள்தான். எச்சரிக்கைக் கடிதங்கள்கூடத் தன் பெயருக்கே வந்ததில், அந்தச் சோகத்திலும் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி. யார் பொறுப்பானவர் என்று அவர்களுக்காவது தெரிந்திருக்கிறது.

ஆக, படிவத்தில் தப்பில்லை. அப்படியானால் தப்பு அழைப்பு மணியில்தான்.

புது மணி வந்தது. அதை ஒருமுறை அழுத்தினால் தெருக்கோடிவரை கேட்டது. கீழ்வீட்டு மாமா மேலே வந்து, இதற்கு அந்தப் பெண் பளு தூக்குவதே தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் சத்தத்தை அடக்க மணியைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைக் கட்டினார். இரண்டு நாளில் துண்டும் கருகி, மணியும் செத்து, கூடத்து விளக்கும் உடன்கட்டை ஏறியது.

அடுத்து, கீழே வாசல் கதவில் ஒரு பலகை. 'பளு தூக்கும் வீராங்கனை மாடியில் இருக்கிறார். காலை 6 முதல் 7 வரை.' எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. மறுநாள் ஆறு மணிக்கே ஒருவர் வந்து, வீடு மாற்றுகிறோம், ஒரு பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்கித் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அதற்கடுத்த நாள் சத்துமாவு விற்கிறவர் ஒருவர், ஒரே மாதத்தில் தோள் இரண்டு மடங்காகும் என்று டப்பாவை நீட்டினார். சோதனை அதிகாரி வருகிற நேரத்தில் வாசலில் அந்த டப்பாவோடு ஒருவர் நின்றால் குடும்ப மானம் என்ன ஆவது? பலகை இறங்கியது.

"விக்கிறவங்க தொல்லை வேற" என்றாள் ஹெட்கிளார்க் அம்மாள்.

"ஆமாமா, உன்னைக் கேட்டுக்கூட ஒரு அம்மா பெட்டியோட வந்தாங்க. ரெண்டு தடவை. ஒரு தடவை நீ பால் வாங்கப் போயிருந்தே, ஒரு தடவை நடக்கப் போயிருந்தே. என்ன விஷயம்னு கேட்டா, உன்கிட்டதான் சொல்வாங்களாம்."

"பிளாஸ்டிக் டப்பா விக்கிறவளா இருக்கும். ஆபீஸ்ல ஒருத்தி பதினோரு டப்பா வாங்கிட்டு ஒண்ணுக்கும் மூடி சேராம நிக்கிறா." பிறகு அலுவலக உத்தரவு போடும் குரலில் சொன்னாள். "இனிமே அந்த நேரத்துல யார் என்னைக் கேட்டு வந்தாலும், நான் வீட்ல இல்லை. பிள்ளையைக் கேட்டு வந்தா மட்டும் கதவைத் திறங்க. புரிஞ்சுதா?"

முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் வீட்டுக்காரர் இவ்வளவு தெளிவான உத்தரவை வாங்கியதே இல்லை. நன்றாகத் தலையாட்டினார்.

அதோடும் அவளுக்கு மனம் ஆறவில்லை. அதிகாரி வீடு தெரியாமல் திரும்பிப் போயிருந்தால்? மறுநாளிலிருந்து அவளே தெருமுனையில் போய் நிற்க ஆரம்பித்தாள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய், ஏழு அடித்த பிறகுதான் திரும்புவாள். பெட்டியோடு வந்த குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவரைக் கையைப் பிடிக்காத குறையாக மாடிவரை கூட்டிவந்தாள். அவரும் வந்ததற்குச் சமையலறைக் குழாயைப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டிலோ, அதிகாரி வந்ததும் பாட்டிலை நிரப்பித் தரவேண்டுமே என்று மகள் எழுந்தது முதல் ஏழு மணிவரை கழிப்பறைப் பக்கமே போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. தெருமுனையில் நின்ற ஹெட்கிளார்க் அம்மாளுக்கு ஆறு ஐம்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது. குடையெடுக்க வீட்டுக்கு ஓடிவந்தாள். தெருவின் மறுமுனை வழியாக வந்துவிட்டிருந்த ஒரு பெண்மணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி, கையில் கடிகாரம்.

மேலே கதவருகில் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். "உன்னைத்தான் கேட்டாங்க. நீ சொன்ன மாதிரியே வீட்ல இல்லைன்னு சொல்லிட்டேன். போக மாட்டேங்கறாங்க."

"எங்களுக்கு டப்பா எதுவும் வேண்டாம்மா" என்று ஆரம்பித்தாள் ஹெட்கிளார்க் அம்மாள்.

அந்தப் பெண்மணி எழுந்து அடையாள அட்டையை நீட்டினார். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி.

ஹெட்கிளார்க் அம்மாள் கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். ஆறு ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. தெய்வம் கண் திறந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அதிகாரி பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"உங்க படிவம் வந்த நாள்லேருந்து, உங்களை நேர்ல பார்க்கணும்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆசைங்க."

ஹெட்கிளார்க் அம்மாள் ஈரத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரு படிவத்தின் அருமை இன்னொரு அலுவலகத்துக்குத்தான் தெரியும். "அடித்தல் திருத்தல் ஒண்ணு இருக்காது, பார்த்திருப்பீங்க" என்றாள் அடக்கமாக.

அதற்குள் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, கால் மேல் கால் பின்னி நின்றபடி கையை நீட்டினாள். "மேடம், பாட்டிலைக் குடுங்க, சீக்கிரம்."

அதிகாரி பாட்டிலைக் கொடுக்கவில்லை. தாளை நீட்டி, முதல் பக்கத்தில் ஒரு நூல்கூடக் கோணாமல் ஒட்டியிருந்த புகைப்படத்தை ஹெட்கிளார்க் அம்மாள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்க பொண்ணு ரெண்டாம் பக்கத்துலதான் இருக்காங்க, அவங்க பேர்ல ஒரு குறையும் இல்லைங்க. எங்க லிஸ்ட்ல ரெண்டு தடவை வீட்ல இல்லாம போன ஐம்பத்தாறு வயசு வீராங்கனை நீங்கதான், இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, பாட்டிலை எடுத்துக்கிட்டு வாங்க."